கூழைக்கடாவுக்குச் சூட்டிய தலைப்பாகை

என் நாவலை வெளியிட வந்தவர், அதைச் சுற்றியிருந்த சாட்டின் ரிப்பனை அவிழ்க்க முடியாமல் கடைசியில் பல்லால் கடித்து அறுத்தார்.

எங்கள் அபார்ட்மென்டின் பார்ட்டி ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. முந்தின நாள் யாருக்கோ பிறந்தநாள் நடந்திருந்தது. பலூன்கள் இரண்டு இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேடையில் மூன்று நாற்காலி. நடுநாற்காலியில் அஸோசியேஷன் தலைவர் பத்மநாபன், தலையில் ஜரிகை போட்ட மைசூர்ப் பேட்டாவோடு.

அந்தத் தலைப்பாகையை அவருக்குச் சூட்டியது நான்தான். 'நூலாசிரியர் சிறப்பு விருந்தினருக்கு மரியாதை செய்வார்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தவர் சிறப்பு விருந்தினர்.

"இந்த புக்க நான் ஒரே சிட்டிங்ல படிச்சு முடிச்சேன்" என்று அவர் மைக்கில் சொன்னார். "கீழ வைக்க மனசே வரல்ல. அந்த கூழைக்கடா இருக்கே, என்னா அட்மினிஸ்ட்ரேஷன். நம்ம நாட்டுக்கு அந்த மாதிரி ஒரு லீடர்தான் வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் நாவலில் கூழைக்கடா ஒரு கொடுங்கோலன். இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் நடப்பதெல்லாம் அதற்கு எதிரான கலகம்தான்.

ஹாலில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். தலைவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருத்தி, கடைசி வரிசைக்குப் பின்னால் வடைத் தட்டோடு நின்ற ஸ்டெல்லா. எங்கள் வீட்டில் சமையலும் மேல்வேலையும் பார்ப்பவள். அவள் மேடையில் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் படித்தார்கள்?

இந்த நாவலைப் பற்றி முன்பொரு வாரம் இதே பக்கத்தில் லேசாகத் தொட்டுவிட்டு நழுவியிருந்தேன். 'அதை யாராவது படித்தார்களா?' என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சுருக்கென்று தைத்தாலும் நியாயமான கேள்வி.

எங்கள் கட்டடத்தில் நாற்பது வீடுகளுக்கு மேல் அந்தப் புத்தகம் இருக்கிறது. சில வீடுகளில் ஷூ அலமாரியின் மேல், சில வீடுகளில் டீப்பாயின் கீழ், ஒரு வீட்டில் ஆடுகிற வாஷிங் மெஷினின் காலுக்கு அடியில். படித்தவர்கள்தான் இல்லை. அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் வீட்டில் தமிழ்தான் பேசும். திட்டுவது, கொஞ்சுவது, சம்பந்தியைப் பற்றிப் புலம்புவது எல்லாம் தமிழில். தாத்தா காலத்தில் மாநில அரசு உத்தியோகம், ஆபீசில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், மார்க் கொட்டுகிறது என்று சமஸ்கிருதம். தமிழ் எழுத்துக்கு அந்த வகுப்பில் பெஞ்சு கிடைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் தமிழ் இங்கிலீஷ் எழுத்தில்தான் ஓடுகிறது.

எனக்கு மட்டும் எப்படி வந்தது என்றால், வாரப் பத்திரிகையால் வந்தது. அம்மா தொடர்கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடும்போது பார்த்து, குழம்பு அடிபிடிக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். பொறுக்க முடியாமல் நானே எழுத்துக் கூட்டப் பழகினேன்.

ஆக, தொண்ணூறு வீடுகள் உள்ள கட்டடத்தில் ஒழுங்காகத் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அப்புறம் நீலசந்திராவிலிருந்து காலையில் நடந்தே வேலைக்கு வருகிற ஏழு பெண்கள். அவர்களில் ஸ்டெல்லா தர்மபுரிப் பக்கம் எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள்.

நாவல் தட்டச்சுத் தாள்களாக இருந்தபோதே அதை முதலில் படித்தவள் அவள்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்:

"அக்கா, நாமக்கோழிக்கு மூணாவது அத்தியாயத்துல நாலு குஞ்சு. எட்டாவதுல ஆறு. நடுவுல எப்ப முட்டை போட்டுச்சி?"

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கதையில் வரும் அந்த ஏரிப்பறவையின் குஞ்சுக் கணக்கைத் திருத்திக் கொடுத்தேன். தாள்களை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். தெருக்குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்கும் நேரத்தில், குடங்களுக்கு நடுவே நின்று, மற்ற ஆறு பேருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். என் நாவலுக்கு உண்மையான வெளியீட்டு விழா அதுதான். எனக்கு அழைப்பு இல்லை.

லிஃப்டுக்குப் பயந்து ஏரிக்குப் போன கதை

நாவலின் விதை ஒரு அறிவிப்புப் பலகை. 'வீட்டு வேலையாட்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். உத்தரவின்படி, தலைவர்.' மஞ்சள் தாள், லாமினேஷன் செய்து லிஃப்ட் வாசலில் ஒட்டியிருந்தது.

சர்வீஸ் லிஃப்ட் அதற்கு வெகுநாள் முன்பே நின்றுபோயிருந்தது. அதற்குள் பெயின்ட் டப்பாக்களும் போன வருடத்துக் கிறிஸ்துமஸ் மரமும் இருந்தன. எனவே உத்தரவுக்கு ஒரே அர்த்தம்தான்: படியேறு. எங்கள் வீடு எட்டாவது மாடி. ஸ்டெல்லாவுக்கு வலது முட்டியில் வீக்கம். தினமும் கதவைத் திறந்ததும் அவள் என் சமையலறைத் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவாள்.

எனக்குக் கோபம் வந்தது. ரத்தம் கொதித்தது என்றே சொல்லலாம். கொதித்த ரத்தத்தோடு என்ன செய்தேன்? மேஜைமுன் உட்கார்ந்து நாவல் எழுதினேன். எழுத எட்டு மாதம் ஆயிற்று. அந்த மஞ்சள் தாளைக் கிழிக்க எட்டு விநாடி ஆகியிருக்கும்.

ஒரு ஏரி. அல்சூர் ஏரியைப் பார்த்து எழுதியதுதான். அதை ஆள்வது அலகுக்குக் கீழே பை தொங்கும் ஒரு கூழைக்கடா. ஏரியின் பாசியையெல்லாம் தின்று சுத்தம் செய்பவை நாமக்கோழிகள். ஆனால் அவை கிழக்குப் படித்துறை வழியாக ஏரிக்குள் இறங்கக் கூடாது, தெற்கு வாய்க்கால் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஒரு நாள் விதி வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, முள்தான் இருக்கிறது. கலகம் அங்கிருந்து தொடங்குகிறது.

உருவகக் கதை எழுதுகிறவர்கள் இரண்டு வகை. பயந்தவர்கள், ரொம்பப் பயந்தவர்கள். மனிதனைப் பெயர் சொல்லித் திட்டத் தைரியமில்லாமல்தான் பறவைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுகிறோம். நான் இரண்டாவது வகை. கண்ணாடிகூட மாட்டவில்லை.

இது எனக்குப் பழைய வியாதி. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியை இருந்தார். ஸ்டாஃப் ரூமில் ஆசிரியைகள் உட்காரக் கூடாது என்று நாற்காலிகளை எடுத்துவிட்டார். எல்லோரும் கூடிப் பேசினோம். கண்டன மனுவை எழுதியது நான். அருமையான ஆங்கிலம், இரண்டாவது பத்தியில் பதவி விலகும் மிரட்டல்கூட உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டது.

நான் எழுதிக் கொடுப்பவள். கொண்டுபோய்க் கொடுப்பவள் இல்லை.

இரண்டு வரியில் சொல்லுங்க

வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு பத்மநாபன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் என் புத்தகம்.

பேசத் தெரிந்த தமிழ் படிக்க வராது என்பதை அவர் மறைக்கவில்லை. தன் அப்பா தன்னைக் கன்னட மீடியத்தில் சேர்த்துவிட்டதைச் சொல்லி வருத்தப்பட்டார். மேடையில் பேச வேண்டுமே, கதையை இரண்டு வரியில் சொல்லுங்கள் என்றார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் பார்ட்டி ஹால் கிடைக்காது. நாற்பது பிரதிகள் போகாது. லிஃப்டில் தினமும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஒரு ஏரி சார்" என்றேன். "அதுல ஒரு கூழைக்கடா. எல்லாப் பறவைகளையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருது."

பாருங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சோறே போடாமல் மறைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. நல்ல சப்ஜெக்ட் என்றார். உள்ளே சப்பாத்தி தேய்க்கும் சத்தம் நின்றது. ஸ்டெல்லாவுக்கு எங்கள் வாசற்கதவுப் பேச்சு முழுதும் கேட்கும்.

ஆமை

விழா முடிந்த மறுநாள் அவள் வழக்கம்போல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வடை நன்றாக இருந்தது என்றேன்.

"அக்கா, கதைல ஒரு ஆமை வருதே. பாறை மேல குந்திக்கினு எல்லாத்தையும் பாத்துக்கினே இருக்குமே."

ஆமா என்றேன். அந்த ஆமை மூன்று இடத்தில் வரும். ஏரி என்றால் ஆமை வேண்டுமே என்று அழகுக்காகப் போட்டது.

"நாமக்கோழிய முள்ளு குத்துறப்ப பாக்குது. பாத்துட்டுத் தலைய உள்ள இழுத்துக்குது. கடைசி வரைக்கும் வெளிய நீட்டவே இல்ல. மறந்துட்டீங்களா, இல்ல அது அப்டிதானா?"

கூழைக்கடா யார் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியும். நாமக்கோழி யார் என்றும் தெரியும். என்னை மட்டும் எங்கேயும் எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அது அவள்மேல் வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். முட்டி தாங்காமல் மூன்று தடவை எங்கள் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். கேமராவில் பதிவாகிவிட்டது. கேட்டில் செக்யூரிட்டியின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. வேலையாட்களின் படம் அதில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதிலிருந்து ஸ்டெல்லாவை எடுத்துவிடுவது என்று அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் தீர்மானம் வரப்போகிறது. படம் போனால் இந்தக் கட்டடத்தில் அவள் பார்க்கும் நான்கு வீடுகளும் போய்விடும். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

உண்மை சொன்ன இடம்

மூன்று நாள் தூக்கம் சரியில்லை. வியாழக்கிழமை காலை கீழே இறங்கி, ஸ்டெல்லா வரும் வரை கேட்டருகில் நின்றேன். அவள் கையைப் பிடித்து எங்கள் லிஃப்டில் ஏற்றினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. பத்மநாபன்.

அவர் உள்ளே ஏறி ஸ்டெல்லாவைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "டீச்சர் மேடம், ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"சார், என் நாவல்ல வர்ற கூழைக்கடா நீங்கதான்" என்றேன்.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"நிஜமாவா மேடம்? எனக்கே மனசுல பட்டது. நாமளே சொன்னா நல்லா இருக்காதுன்னு சும்னே இருந்தேன்."

ஐந்தாவது மாடியில் இறங்குவதற்குள், ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் கூழைக்கடா அத்தியாயத்தை நான் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ரூல்ஸ் அவருக்கு மறந்தே போய்விட்டது.

கதவு மூடியதும் ஸ்டெல்லா சொன்னாள்: "வாழைப்பழத்துல ஊசி ஏத்துனீங்க. அவரு பழத்த தின்னுட்டு ஊசிய துப்பிட்டாரு."

பொதுக்குழு

அறிவிப்பில் முதல் பொருள் இலக்கியம். இரண்டாவது பொருள் ஸ்டெல்லா.

புத்தகத்தில் இரண்டு இடத்தில் அடையாளச் சீட்டு வைத்திருந்தேன். ஒன்று, ஏரியில் சூரியன் மறையும் பக்கம். இன்னொன்று நூற்றுப் பன்னிரண்டு. "சூரியனைப் படி. அது யாரையும் கடிக்காது" என்று என் வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, சூரியன் என்று வாயசைத்துக்கொண்டிருந்தார்.

பத்மநாபன் என்னை அறிமுகப்படுத்தினார். பேட்டாவை வீட்டிலிருந்து எடுத்து வந்து மறுபடி அணிந்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.

'வாய்க்கால் வழியாக வா என்றது கூழைக்கடா. வாய்க்கால் வற்றிப்போயிற்றே என்றது நாமக்கோழி. வாய்க்கால்தானே வற்றியது, விதி வற்றவில்லையே என்றது கூழைக்கடா.'

படிக்கத் தெரியாதவர்கள் என்றுதானே சொன்னேன். தமிழ்க் குடும்பங்களுக்குக் கேட்டால் புரியும். தமிழ் புரிந்த பாதிப் பேர் மற்ற பாதிக்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் காதில் சொன்னார்கள். அதனால் ஹால் இரண்டு தடவை மௌனமாயிற்று. முன்வரிசை முதலில், பின்வரிசை சற்றுப் பொறுத்து.

பக்கம் முடிவதற்குள் பத்மநாபனின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "டீச்சர் மேடம், இதெல்லாம் கற்பனைதானே?" என்று கேட்டார்.

எங்களைப் போன்றவர்கள் தப்பிக்கவென்றே கட்டி வைத்த கதவு அது. ஆமா சார் என்று ஒரு சொல் போதும். வாயில் வந்தும் விட்டது.

"ஏரி கற்பனை சார்" என்றேன். "வாய்க்கால் நம்ம படிக்கட்டு. அந்தக் கூழைக்கடா யாருன்னு வியாழக்கிழமையே உங்ககிட்ட சொன்னேனே."

முதல் மாடியில் இருக்கும் அம்மாள் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். பத்மநாபன் பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இலக்கியத்தை இலக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டாவது பொருளுக்குப் போனபோது ஸ்டெல்லாவை நீக்க ஒரு கையும் உயரவில்லை. பதிலுக்கு, சர்வீஸ் லிஃப்டைப் பழுதுபார்ப்பது பற்றி ஆராய ஒரு குழு. குழுத் தலைவர் பத்மநாபன். அதுவரை முட்டி வலி உள்ள வேலையாட்கள் மட்டும், டாக்டர் சர்ட்டிஃபிகேட் காட்டி, எங்கள் லிஃப்டில் வரலாம். ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டிவிட்டுக் காபிக்குப் போனார்கள். நான் புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் ஸ்டெல்லா படியேறித்தான் வந்தாள். சர்ட்டிஃபிகேட் கிடையாது. நடந்ததையெல்லாம் கொஞ்சம் பெருமையோடு அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் வரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு."

நூற்றுப் பதிமூன்றில்தான் நாமக்கோழிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, யாரிடமும் கேட்காமல், கிழக்குப் படித்துறையில் இறங்கும். கலகம் என்றால் அந்தப் பக்கம்தான். அதற்கு முன்னால் இருப்பது புகார்.

ஸ்டெல்லா அடுப்பைப் பற்றவைத்தாள். "பரவால்லக்கா. தலை வெளிய வந்துச்சி. கழுத்துதான் இன்னும் உள்ள இருக்குது."

செவ்வாய்க்கிழமை

கொத்தமல்லி வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது லிஃப்ட் வாசலில் பத்மநாபன் பேப்பரோடு நின்றிருந்தார். ஞாயிற்றுக்குப் பிறகு முதல் சந்திப்பு. இருவரும் மஞ்சள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கேட் பக்கமிருந்து ஏழு பெண்கள் வந்தார்கள். வழக்கமாக ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நேரத்துக்கு வருவாள். அன்று ஒன்றாக வந்தார்கள், கையில் டிபன் பையோடு, ஸ்டெல்லாவின் நடைக்குத் தக்கபடி மெதுவாக. கோஷம் இல்லை, ஒரு வார்த்தை பேச்சில்லை. செக்யூரிட்டி தன் போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. ஏழு பேரும் உள்ளே போய், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் வரிக்கு வரி என் கண்ணெதிரே நின்றது. தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே அவர்கள் அதைக் கேட்டபோது, உருவகம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பத்மநாபன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர் மேடம், நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

லிஃப்டுக்குள் எட்டுப் பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதியிருந்தது. பின்சுவரில் சாய்ந்து முட்டிக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா சொன்னாள்:

"இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குதுக்கா."

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பத்மநாபன் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அவரைத் தாண்டிப் போய் ஏறினேன். கடைசியாக ஏறியதால் பொத்தான் பலகை என் தோளருகே இருந்தது. லிஃப்ட் அசையாமல், கதவு திறந்தபடியே நின்றது.

"அமுக்குங்கக்கா" என்றாள் ஸ்டெல்லா.

அமுக்கினேன்.